கூடுதலாக ஒரு ச்

திங்கட்கிழமை காலை

ஊருக்கெல்லாம் அக்காவாகிய என் மனைவிக்கு,

இங்கே நான் நலம். நீ நலமென்று மகள் தினமும் சொல்கிறாள். அதை உன் வாயால் கேட்க இன்னும் இருபது நாள் இருக்கிறது.

உன்னை எப்படி விளிப்பது என்ற யோசனையிலேயே அரை மணி நேரம் போய்விட்டது. ‘அன்புள்ள’ என்று எழுதினால் சிரிப்பாய். பெயரை எழுதினால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. முப்பத்து மூன்று வருஷமாக ‘இங்கே பார்’ என்று கூப்பிட்டே பழகியவன், கடிதத்தை ‘இங்கே பார்’ என்று தொடங்கினால் அது மிரட்டல் கடிதம் ஆகிவிடும். அதனால் தபால்காரர் முதல் மேல் வீட்டுப் பல் டாக்டர் வரை உனக்கு வைத்திருக்கும் பெயரையே எடுத்துக்கொண்டேன். கட்டிய கணவன் மனைவியை அக்கா என்பது முறையா என்று யாராவது கேட்டால், உன் கேள்வி பதில் பகுதிக்கு எழுதிப் போடச் சொல்கிறேன்.

தொண்டையில் எடுத்த கட்டியில் கெட்டது எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்த அன்று, மகள் ஃபோனில் அழுதாள், மாப்பிள்ளை அழுதார். நான் அந்த ரிப்போர்ட்டை அனுப்பச் சொல்லி வாங்கிப் படித்தேன். இரண்டு எழுத்துப்பிழை இருந்தது. விஷயத்தில் பிழையில்லை. அதன் பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

முப்பது நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் சொன்னதை நீ இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஏழு நாவல் எழுதியவளிடமிருந்து நேற்று என் கைபேசிக்கு வந்த செய்தி: ‘ம்’. முந்தாநாள் வந்தது: ‘சரி’. உன் வாழ்நாளில் நீ எழுதிய மிகச் சுருக்கமான படைப்புகள் இவைதான். திருத்த ஒன்றுமில்லை. எனக்குத்தான் அந்தக் கருவியில் எழுத வரவில்லை. நான் ஒன்று தட்டினால் அது ஒன்றைப் போடுகிறது. ‘மருந்து சாப்பிட்டாயா’ என்று தட்டினேன், ‘மறந்து சாப்பிட்டாயா’ என்று போனது. அதனால் பேனாவுக்குத் திரும்பிவிட்டேன்.

வீட்டுச் செய்தி. உன் எழுத்து மேஜையைத் துடைத்தேன். துடைத்தபோது கலைந்த காகிதங்களைக் கலைந்தபடியே திரும்ப வைத்தேன், அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. சமையல் நானே. நீ நான்கு வருஷம் ஒரு மாத இதழில் எழுதித் தொகுத்த ‘பத்து நிமிடச் சமையல்’ புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து, பக்கம் நாற்பத்தொன்றில் உள்ள தக்காளிச் சாற்றைச் செய்தேன். உப்பு எவ்வளவு என்று எங்குமே இல்லை. நீ எழுதிய எதையும் நீ சமைத்துப் பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரியும். புரூஃப் பார்த்த எனக்கும் உப்பு தோன்றவில்லை என்பதுதான் வருத்தம். அந்தச் சாற்றைச் செய்து சாப்பிட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உன்னை இன்றும் அக்கா என்கின்றன. மக்களுக்கு மன்னிக்கும் குணம் அதிகம்.

நீ சொல்லிவிட்டுப் போனபடி வார இதழின் ‘அக்காவிடம் சொல்லுங்கள்’ பகுதியை நான் நடத்துகிறேன். உன் பெயர், உன் படம், என் பதில். முதல் வாரம் ஒரு பெண், என் கணவர் என்னோடு பேசுவதே இல்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். ‘பேசுவதே’ என்பதில் ஏகாரம் தேவைதானா என்று யோசித்துப் பாருங்கள், எப்போதாவது பேசுகிறார் என்றால் அந்த ஏகாரத்தை எடுத்துவிடலாம், வாழ்க்கை கொஞ்சம் லேசாகும் என்று எழுதினேன். ஆசிரியர் ஃபோன் செய்து, ‘சார், இது பதிலா, இலக்கணமா?’ என்றார். இரண்டும் வேறு வேறு என்று எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஒன்று சொல்லாமல் விட்டால் உறுத்தும். நேற்று, நீ எடுக்க மாட்டாய் என்று தெரிந்தே உன் எண்ணுக்கு அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்ததும் நீயே பேசினாய். ‘நீங்கள் அழைத்தவர் இப்போது பேசும் நிலையில் இல்லை. சற்று நேரம் கழித்து அழையுங்கள்.’ பதினொரு வருஷத்துக்கு முன்னால் தொலைபேசி நிறுவனத்துக்காக நீ பதிவு செய்து கொடுத்தது. அந்த வாசகத்தில் முதலில் ‘நபர்’ என்று இருந்ததை நான்தான் அடித்தேன், நினைவிருக்கிறதா? நாட்டில் யார் யாரை அழைத்து யார் எடுக்காவிட்டாலும் சமாதானம் சொல்வது என் மனைவிதான் என்று ஒரு காலத்தில் பெருமையாக இருந்தது. உன்னைப் பற்றி உன்னிடமே கேட்டு நீயே இல்லை என்று சொல்வது கொஞ்சம் அதிகம். இரண்டு தடவை கேட்டேன்.

மருந்தை மறக்காதே. மகள் வீட்டில் பேரன் பேச்சுக் கொடுத்தால் பலகையில் எழுதிக் காட்டு.

இப்படிக்கு,
உன் காற்புள்ளி

(இந்தப் பெயரை நீ எனக்கு வைத்தபோது, நான் எல்லா இடத்திலும் நின்று நின்று போகிறேன் என்று காரணம் சொன்னாய். இன்னும் அப்படித்தான் போகிறேன்.)


வெள்ளிக்கிழமை மாலை

அதே அக்காவுக்கு,

இருபத்தெட்டு நாள் முடிந்தது. நாளை மறுநாளிலிருந்து பேசலாம். நான் கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கி உன் வானொலியில் போட்டுவிட்டேன். அதற்கும் உன் தொண்டைக்கும் சம்பந்தம் இல்லைதான். ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது.

கேள்வி பதில் பகுதியைப் பற்றிப் புகார்கள் வருகின்றன. அக்காவுக்கு என்ன ஆயிற்று, திடீரென்று வாத்தியார் மாதிரி ஆகிவிட்டார் என்று எட்டுப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு வெற்றி சொல்ல வேண்டும். ஓர் இளைஞர், தான் விரும்பும் பெண்ணுக்கு எழுதிய கடிதத்தை அனுப்பி, கொடுக்கலாமா அக்கா என்று கேட்டிருந்தார். பதினொரு திருத்தம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். போன வாரம் நன்றி சொல்லி எழுதியிருக்கிறார். அந்தப் பெண் சம்மதித்துவிட்டாளாம், இவ்வளவு சுத்தமான கடிதம் தனக்கு வந்ததில்லை என்றாளாம். இந்தக் கடிதத்தை உன் பழைய வெற்றிகளோடு கோப்பில் வைத்திருக்கிறேன்.

இப்போது கொஞ்சம் கனமான விஷயம். வானொலி நிலையத்தின் புது இயக்குநர் வீட்டுக்கு வந்தார். நான்கு வருஷத்தில் மூன்றாவது புது இயக்குநர். நல்ல பிள்ளை, செருப்பை வாசலில் நேராக வைத்தார். கையில் ஒரு சின்ன ஒலிபெருக்கி. உன் காலை நிகழ்ச்சி ஒரு மாதமாகப் பழைய பதிவுகளில் ஓடுகிறது, நேயர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றார். கண்டுபிடிக்காமல் என்ன செய்வார்கள், போன வாரம் நீ வெயிலுக்கு மோர் குடிக்கச் சொன்னாய், வெளியே தெருவே மிதந்தது.

‘சார், மேடத்தோட முப்பத்தஞ்சு வருஷக் குரல் எங்க கிட்ட இருக்கு. அதை வச்சு மிஷினுக்குக் கத்துக் கொடுத்துட்டோம். இனிமே யார் எதை எழுதிக் கொடுத்தாலும் மேடம் குரல்ல அதுவே பேசும். மேடம் சம்மதம்னு ஒரு கையெழுத்து போட்டா போதும். ஸ்டுடியோவுக்கே வர வேண்டாம். நூறு வருஷம் பேசலாம்’ என்றார்.

அறுபதுக்கு மேல் பேசினால் தனக்கே அலுத்துவிடும் என்று அவள் சொல்வாளே என்றேன். அவர் மரியாதைக்காகச் சிரித்துவிட்டு ஒலிபெருக்கியைத் தட்டினார்.

நான் நாற்காலியில் நேராக உட்கார்ந்துவிட்டேன். நீதான். இருபத்திரண்டு வயதில் வானிலை வாசித்த நீ, வானொலி நாடகத்தில் ஒரே நாளில் மாமியாராகவும் மருமகளாகவும் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து என்னிடம் நடுவர் தீர்ப்பு கேட்ட நீ, தொலைக்காட்சியில் பேட்டி எடுத்து, ‘அப்புறம்?’ என்ற ஒரே சொல்லால் பெரிய பெரிய மனிதர்களை உளற வைத்த நீ. நகரில் தெருவிளக்கு அமைக்கும் முயற்சி பற்றி ஒரு செய்தியை வாசித்தாய். சுத்தமான உச்சரிப்பு. ஓர் இடத்தில்கூடத் தடங்கல் இல்லை. திருத்த ஒன்றும் இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் போன பிறகு வெகுநேரம், வீட்டில் ஏதோ ஒரு பொருளை இடம் மாற்றி வைத்துவிட்டார்கள் போலிருந்தது. என்ன பொருள் என்று தெரியவில்லை.

அந்தச் சம்மதப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். மாதம் முடிவதற்குள் வேண்டுமாம். நான்கு பிழைகள் இருந்தன, திருத்தித் தரச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். திருத்தி அடுத்த நாளே கொண்டுவந்துவிட்டார். இவ்வளவு சுறுசுறுப்பான இயக்குநர் நமக்கு இதுவரை வாய்த்ததில்லை. கையெழுத்து உன் இஷ்டம். நான் கருத்து சொல்லவில்லை. நான் எப்போது கருத்து சொல்லியிருக்கிறேன்.

நாளை மறுநாள் பேசு. யாரிடம் வேண்டுமானாலும் பேசு. பேரனிடம் பல் தேய்க்கச் சொல்லு, அது போதும்.

இப்படிக்கு,
உன் காற்புள்ளி


சனிக்கிழமை காலை

என் மனைவிக்கு,

இந்தத் தடவை விளிக்கும் சொல்லில் அதிக நேரம் செலவிடவில்லை.

பேசலாம் என்று டாக்டர் அனுமதித்து இன்றோடு பதின்மூன்று நாள். முதல் நாள் அழைத்தேன், பழைய நீ எடுத்துச் சற்று நேரம் கழித்து அழைக்கச் சொன்னாய். கழித்தேன். மறுபடியும் சொன்னாய். நான்கு நாள் கழித்து மகள்தான் எடுத்துப் பேசினாள். ‘அப்பா, அம்மா இன்னும் பலகையிலதான் எழுதறாங்க. டாக்டர் எல்லாம் ஆறிடுச்சு, பேசுங்கன்னு திட்டறார். இவங்க தலையை மட்டும் ஆட்டறாங்க. அந்தப் படிவத்துல கையெழுத்து போடப் போறாங்களாம். ‘இதுவே நல்லது’ன்னு எழுதிக் காட்டினாங்க. நீங்களாவது சொல்லுங்கப்பா’ என்றாள். சொல்கிறேன் என்றேன். அன்று முழுவதும் எதைச் சொல்வது என்று தெரியவில்லை. இன்று தெரியும். காரணத்தைச் சொல்கிறேன்.

ஆசிரியர் வாரா வாரம், மின்னஞ்சலில் வரும் வாசகர் கடிதங்களை அச்சடித்து ஒரு கட்டாக அனுப்புவது உனக்குத் தெரியும். போன திங்கட்கிழமை வந்த கட்டில் ஒரு கடிதம். கீழே ‘பாட்டு டீச்சர்’ என்று மட்டும் இருந்தது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன், நீ படித்திருக்க வாய்ப்பில்லை பார்.

‘அக்கா, எனக்கு ஐம்பத்தெட்டு வயது. தொண்டையில் ஆபரேஷன். பேசலாம் என்று சொல்லி ஐந்து நாள் ஆகிறது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒருமுறை முயற்ச்சி செய்தேன். வந்தது என் குரல் இல்லை. கட்டையாக, ஓரம் கிழிந்த மாதிரி, யாரோ ஒருத்தி. குழாயை மூடிவிட்டேன். என் பிழைப்பு முழுவதும் குரல்தான். அதுகூடப் பரவாயில்லை. என் கணவர் என் குரலைக் கேட்டுத்தான் என்னைத் தேடி வந்தார். இப்போது இந்த ஒருத்தியை அவரிடம் எப்படி அனுப்புவது? அதைவிடப் பேசாமலே இருந்துவிட்டால் அவருக்குப் பழையதாவது மிஞ்சும் இல்லையா?’

சிவப்புப் பேனா என் கையில் இருந்தது. மூன்றாவது வரியில் ‘முயற்ச்சி’. பழக்க தோஷம், அந்த ச்-ஐ அடிக்கப் போனேன். பேனா காகிதத்தைத் தொட்டுவிட்டது, ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது. அங்கேயே நின்றுவிட்டேன்.

ற் என்பது கொஞ்சம் வறட்டுக் கௌரவம் பிடித்த எழுத்து. தனக்குப் பக்கத்தில் இன்னொரு மெய்யெழுத்து உட்காருவதை அது அனுமதிக்காது. இதைப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனாலும் இந்த நாட்டில் நிறையப் பேர் அந்தத் தப்பைச் செய்கிறார்கள். அதனால் அது சாட்சி ஆகாது என்று வாதாடலாம். ஆனால் நான் முப்பத்தைந்து வருஷம் ஒரே ஒருத்தியுடைய அந்த ச்-ஐ அடித்தவன். ஏழு நாவல், நானூறு கதைகள், கணக்கில்லாத கட்டுரைகள். ஒவ்வொன்றிலும் இருந்தது, ஒவ்வொன்றிலும் அடித்தேன். அந்த ச்-ஐப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரியும், எந்தப் பெயரில் வந்தாலும்.

நீ தெரிந்தே போட்டாயா, தெரியாமல் வந்ததா என்று நான் கேட்கப்போவதில்லை.

அதோடு, இயக்குநர் வந்துபோன அன்று வீட்டில் என்ன காணாமல் போனது என்பதும் அப்போது விளங்கியது. அந்த இயந்திரம் ‘முயற்சி’ என்றது. சரியாகச் சொன்னது. நீ ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அந்த இடத்துக்கு வந்ததும் நீ ஒரு கணம் காலை ஊன்றி, அழுத்தி, இரண்டு ச் போட்டுத்தான் தாண்டுவாய். உன் முப்பத்தைந்து வருஷக் குரலை எல்லாம் கற்றுக்கொண்ட இயந்திரம், அதை மட்டும் பிழை என்று ஒதுக்கிவிட்டது. என்னைப் போலவே. முதன்முறையாக ஓர் இயந்திரத்தின் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது.

பாட்டு டீச்சருக்குப் பதில் எழுதினேன். நேற்று வந்த இதழின் பக்கத்தைக் கிழித்து வைத்திருக்கிறேன். கிழிப்பது எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். பதில் இதுதான்.

‘அன்புள்ள டீச்சர், உங்கள் கடிதத்தில் தகவல் பிழை ஒன்று இருக்கிறது. உங்கள் கணவர் உங்கள் குரலைக் கேட்டு வந்தவர் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு புரூஃப் ரீடரின் கதையைச் சொல்கிறேன். அவர் வேலை பார்த்த அச்சகத்தில் வானொலி ஓடிக்கொண்டே இருக்கும். வானிலை வாசிக்கும் புதுப் பெண் ஒரு சொல்லில் தேவையில்லாமல் ஒரு ச் சேர்க்கிறாள் என்று அவர் நிலையத்துக்குப் புகார் எழுதினார். அவள் ஓர் அஞ்சலட்டையில் பதில் போட்டாள்: வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கேட்கும். அவர் அன்று முழுவதும் அச்சு இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட வேலை செய்தவர்கள் விடுப்பு எடுக்கச் சொன்னார்கள். மாலையில் அந்த ச் கேட்டது. அதன் பிறகுதான் அவளைப் பார்க்கப் போனார். அவர் அந்தப் பெண்ணைத் திருத்த வந்தவர். இன்றுவரை முடியவில்லை, அதனால்தான் இன்னும் போகவில்லை. குரல் மாறினால் அவருக்கு வேலை கூடும், அவ்வளவுதான். குழாயைத் திறக்காமல் பேசுங்கள்.’

ஆசிரியர் ஃபோன் செய்தார். ‘சார், இந்த வாரம்தான் அக்கா மாதிரி இருக்கு’ என்றார். பிறகு தயங்கித் தயங்கி, ‘ஆனா சார், கேள்வியில முயற்சிக்கு ஒரு ச் கூடுதலா இருக்கு. உங்க கண்ணுல எப்படித் தப்பிச்சுது?’ என்றார். தப்பிக்கவில்லை, அப்படியே போடுங்கள் என்றேன். என் வேலை வரலாற்றில் தெரிந்தே விட்ட முதல் பிழை. நேற்று இதழ் வந்ததும் கடையில் நின்று அந்த வரியை மட்டும் பார்த்தேன். அச்சில் நன்றாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷமாக எதற்கு அடித்தேன் என்று தெரியவில்லை.

இன்னொரு திருத்தமும் பாக்கி. உன் ஐந்தாவது நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டாய். நூற்றுப் பதினாறு பிழை என்றேன். நீ காகிதங்களை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அந்த நாவலை மூன்று தடவை படித்தேன். பிழை பார்க்க ஒரு தடவை போதும். இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

படிவத்தைப் பற்றி: பேச விருப்பமில்லை, ஓய்வு வேண்டும் என்றால் கையெழுத்து போடு. நானே தபாலில் சேர்க்கிறேன். ஆனால் எனக்குப் பழையது மிஞ்ச வேண்டும் என்பதற்காகப் போடாதே. பழையது என்னிடம் இருக்கிறது. எனக்கு அந்த ஓரம் கிழிந்த ஒருத்தியைத் தெரிய வேண்டும். அவளை நான் இன்னும் பார்க்கவில்லை. நீ குளியலறையில் வைத்துத் தனியாகப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்வது நியாயமில்லை.

இந்தக் கடிதம் மூன்று நாளில் வந்துவிடும். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, உன் நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் அழைப்பேன். நீ எடுக்காவிட்டால் அந்தப் பழையவள் சற்று நேரம் கழித்து அழைக்கச் சொல்வாள். அவள் சொன்னபடி கேட்பேன். அதற்குப் பிறகும் அழைப்பேன். எனக்கு வேறு வேலை இல்லை.

எடுத்தால், வணக்கம் சொல்ல வேண்டாம், நலம் விசாரிக்க வேண்டாம். நான் ‘முயற்சி’ என்று சொல்வேன். நீ அதைத் திருத்தினால் போதும்.

உன் தொண்டையும் அந்த ச்-உம் நலமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் காற்புள்ளி,